யார் வீட்டுப் பழசு?

(ஒலிவடிவத்திலிருந்து தொகுத்து எழுதியது. பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெயில் எல்லாத்தையும் படிச்சேன், அடுத்த வாரம் பதில் சொல்றேன். இந்த வார எபிசோட் எங்க வீட்டு வாசல்ல நடந்த ஒரு சண்டையில ஆரம்பிக்குது.

அக்கா பொண்ணுக்கு முதல் பிறந்த நாள் வருது. நான் தாய்மாமன். தாய்மாமன்னா சும்மா கேக் சாப்பிட்டுட்டு வர்ற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். தட்டு வைக்கணும், துணி எடுக்கணும், முடிஞ்சா ஒரு கிராமாவது தங்கம் போடணும். அதெல்லாம் அம்மா லிஸ்ட் போட்டுட்டாங்க. அதுக்கு மேல என் சார்பா தனியா ஒண்ணு குடுக்கணும்னு ஒரு ஆசை. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன்.

பாண்டிச்சேரி வந்தவங்களுக்கு அந்த மார்க்கெட் தெரியும். வார நாள்ல கடைத்தெரு, ஞாயிறு ஆனா பிளாட்பாரம் முழுக்க வேற ஊர். ஏற்றுமதியில தள்ளுபடியான சட்டை, பழைய புத்தகம், ரிமோட், ஒத்தைச் செருப்பு வரைக்கும் கிடைக்கும். அங்க ஒரு தார்ப்பாய் மேல, பழைய டேபிள் ஃபேனுக்கும் கிரைண்டர் கல்லுக்கும் நடுவுல ஒரு நடைவண்டி நின்னுச்சு. மரம். மூணு சக்கரம். கைப்பிடி மட்டும் மழமழன்னு தேஞ்சு போயிருந்தது. 400 ரூபா. பேரமே பேசல. பைக் டேங்க் மேல வச்சுக்கிட்டு குருசுக்குப்பம் வந்து சேர்ந்தேன்.

அம்மா பார்த்தாங்க. "பழசாடா இது?"

"ஆமாம்மா, நல்ல மரம்."

"தாய்மாமன் செய்முறையில பழசு வைப்பாங்களாடா? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? வாசல்லயே வை. உள்ள கொண்டாராத."

வச்சேன். வச்சுட்டு உள்ள போனா, ஹால்ல உத்தரத்துக் கொக்கியில தூளி தொங்குது, உள்ள அந்தப் பிறந்த நாள் குழந்தை தூங்குது. தூளி கட்டியிருந்தது எங்க ஆயாவோட சேலையில. ஆயா போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்தச் சேலைக்கு எப்படியும் 30 வயசு இருக்கும். அதுல பேத்தியோட பொண்ணு தூங்கலாம். 400 ரூபா மர வண்டி வாசப்படி தாண்டக் கூடாது. இந்த லாஜிக் எனக்குப் பிடிபடல. பிடிபடாத பக் இருந்தா எனக்குத் தூக்கம் வராது, அதனால இந்த எபிசோட்.

முதல்ல அந்தச் சேலையிலிருந்து ஆரம்பிப்போம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல ஒரு வழக்கம் இருக்கு. 11ஆம் நாளோ, 16ஆம் நாளோ, 30ஆம் நாளோ, அது சாதிக்கு சாதி, வீட்டுக்கு வீடு மாறும். அதுவரைக்கும் தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் குழந்தைக்குச் சுத்துவாங்க. இதுல ஒரு நேரடிக் காரணம் இருக்கு. தறியிலிருந்து வர்ற புதுத்துணியில கஞ்சி இருக்கும், விறைப்பா இருக்கும். நூறு தடவை துவைச்ச வேட்டியோட மென்மையை இன்னைக்கு 'ஆர்கானிக் காட்டன்'னு 900 ரூபாய்க்கு விக்கிறாங்க. நம்ம வீட்டுல அது கொடியிலேயே கிடந்தது.

ஆனா மென்மை மட்டும் காரணம் இல்லை. பயமும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைக்கும் சுமார் 200 பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. அஞ்சுல ஒண்ணு. இன்னைக்கு அது 1,000க்கு 25 அளவுக்கு வந்திருக்கு. நாம கேக் வெட்டி இன்ஸ்டாவுல போடுற அந்த முதல் பிறந்த நாள், நம்ம கொள்ளுப்பாட்டிக்கு ஒரு கண்டம் தாண்டின நாள். அந்தக் காலத்துல குழந்தையைப் புதுசா, பளபளன்னு காட்டுறது ஆபத்து. கண்ணு படும். எமன் கண்ணும் அதுல சேர்த்தி.

அதனால என்ன பண்ணாங்க? குழந்தையையே பழசாக்கினாங்க. வரிசையா பிள்ளைகள் செத்துப்போன வீட்டுல அடுத்தது பிறந்தா, அதைக் குப்பைமேட்டுல போட்டு எடுப்பாங்க. குப்புசாமி, குப்பன், குப்பம்மாள்னு பேர் வைப்பாங்க. இல்லைன்னா முறத்துல போட்டு, கொஞ்சம் தவிட்டுக்கு வேற ஒருத்தருக்கு வித்துட்டுத் திரும்ப வாங்குவாங்க. 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்'னு அக்கா அண்ணன் சொல்லி நம்மை அழ வச்சதுக்குப் பின்னாடி இப்படி ஒரு நிஜமான சடங்கு இருக்கு. பிச்சை, பிச்சைமுத்து, பிச்சம்மாள் எல்லாம் இதே கணக்குதான். பெத்தவ மடியேந்திப் பிச்சையா வாங்கின பிள்ளை. இது ஏற்கெனவே யாரோ வேண்டாம்னு போட்டது, உனக்கெதுக்கு, நீ போன்னு எமனுக்குச் சொல்ற தகவல். அதாவது அந்த வீட்டுல குழந்தையே செகண்ட் ஹேண்ட். எங்க டீம்ல இதை டேட்டா மாஸ்கிங்னு சொல்லுவோம். சரி, மொக்கை ஜோக், விட்டுடுங்க.

நூறு வயசு இருந்த கிழவியோட சேலையில குழந்தையைப் போட்டா அந்த ஆயுசு ஒட்டிக்கும்னு நம்பினதும் இதோட இன்னொரு பக்கம். இங்க பழசுங்கறது குறை இல்லை. அதுல யாரோ நல்லா வாழ்ந்த கணக்கு எழுதியிருக்கு.

விளையாட்டுப் பொருளுக்கு வருவோம். நடைவண்டியைப் பார்த்ததும் எனக்குப் பட்டினப்பாலை ஞாபகம் வந்துச்சு. காவிரிப்பூம்பட்டினத்தோட செல்வத்தைச் சொல்ல அந்தப் புலவர் ஒரு சின்னக் காட்சி வைக்கிறார். காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்த வருது. வீட்டுப் பெண் கையில கிடைச்சதைத் தூக்கி எறியறா. கையில கிடைச்சது அவளோட தங்கக் காதணி. அது போய்ச் சின்னப் பசங்க உருட்டுற மூணு சக்கரச் சிறுதேருக்கு முன்னாடி விழுந்து வழியை மறிக்குது. எல்லாரும் தங்கத்தைப் பார்ப்பாங்க. நான் அந்த மூணு சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். அது உருட்டி விளையாடுற தேர், இது பிடிச்சு நடக்கிற வண்டி, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா இந்தக் கரையில குழந்தைக்கும் மூணு சக்கரத்துக்கும் உறவு ரொம்பப் பழசு.

நடைவண்டிக்கு ஒரு விசேஷம் இருக்கு. அதோட உபயோகம் சில மாசம்தான். குழந்தை எழுந்து நிக்கிறதுக்கும் தானா ஓடுறதுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச காலம். ஆசாரி செஞ்ச மர வண்டியோ இருபது வருஷம் உழைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு வண்டி ஒரு வீட்டுலயே இருந்தா அது வீண். அதனால அது தெருவுல சுத்தும். எங்க சின்ன வயசுல எங்க தெருவுக்கு ஒரு நடைவண்டிதான். யாரு வாங்கினதுன்னு யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுல குழந்தை நிக்க ஆரம்பிக்குதோ அந்த வீட்டுத் திண்ணையில அது இருக்கும். அதைப் 'பழசு'ன்னு யாரும் சொன்னதே இல்லை.

மரப்பாச்சி கதையும் இதேதான். செஞ்சந்தன மரத்துல ஆண், பெண் ஜோடியா செதுக்கின பொம்மை. கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு அம்மா வீட்டுச் சீரோட போகும், கொலுவுல முதல் படியில ஏறும், அப்புறம் அவ குழந்தை கையில விளையாட்டுச் சாமானா மாறும். அந்த மரத்தை உரசிக் குழந்தைக்கு மருந்தா பூசற வீடுகளும் உண்டு. வாயில வச்சுக் கடிச்சாலும் பயமில்லைன்னு நம்பிக்கை. இன்னைக்குச் செஞ்சந்தன மரம் வெட்டவும் விக்கவும் ஏகப்பட்ட கட்டுப்பாடு, அதனால கடையில மரப்பாச்சின்னு கிடைக்கிறது பலதும் வேற மரம். அசல் வேணும்னா பாட்டி டிரங்குப் பெட்டியைத்தான் திறக்கணும். அதாவது இந்த ஒரு பொம்மையில பழசுதான் ஒசத்தி.

நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு. புதுச்சேரிக்குப் பக்கத்துல திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்றாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துல வந்த கைத்தொழில், புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. ஊறப்போட்ட பழைய காகிதத்தை அரைச்சு, அச்சுல போட்டு, காயவச்சு, சாயம் பூசினா தலையாட்டி பொம்மை. நேத்து யாரோ படிச்சுத் தூக்கிப்போட்ட பேப்பர்தான் இன்னைக்கு உங்க குழந்தை கையில தலையை ஆட்டுது. யாரும் முகம் சுளிக்கல, ஏன்னா பழசு அடையாளம் தெரியாம கரைஞ்சு போச்சு.

இன்னொண்ணு சொல்லாம போக மனசு வரல. அரிக்கமேடு. நம்ம ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆத்தோரம். 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோட நடந்த வியாபாரத்தை உலகத்துக்குச் சொன்ன இடம். ஆனா வீலருக்கு முன்னாடி, 1937ல, இங்கே ஆசிரியரா இருந்த ழூவோ துப்ரேய்ங்கற பிரெஞ்சு அறிஞர் அங்கே போனார். அவர் முதல்ல தோண்டல. அந்த ஊர்ப் பசங்ககிட்ட காசு குடுத்து வாங்கினார். மழை பெஞ்சா மண்ணுல மேல வர்ற மணிகளையும் கல்லையும் பசங்க பொறுக்கி வச்சிருந்தாங்க. அப்படிக் கிடைச்சதுல ஒரு ஆளோட முகம் செதுக்கின கல்லைப் பார்த்து, இது ரோமப் பேரரசர் அகஸ்டஸ்தான்னு அவர் முடிவு பண்ணினார். பெரியவங்க குழந்தைக்குப் பழசு வாங்கிக் குடுக்கிறது நம்ம தலைப்பு. இங்க 2,000 வருஷப் பழசைக் குழந்தைங்க பெரியவருக்கு வித்திருக்காங்க. என்ன விலைக்கு வித்தாங்களோ, மிட்டாய் காசா இருந்திருக்கும். நாம மட்டும் என்ன, ஓட்டைக் குடத்தையும் துருப்பிடிச்ச இரும்பையும் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன தலைமுறையோட பிள்ளைங்கதானே.

இதுவரைக்கும் எல்லாம் இனிப்பா இருக்கு. அப்போ அம்மாவோட கோபம் எங்கிருந்து வந்தது?

பழசுக்கு இன்னொரு சரித்திரம் இருக்கு. அது மேலிருந்து கீழே விழுற பழசு. பண்ணையில வேலை செஞ்சவங்களுக்கு, வீட்டு வேலை செஞ்சவங்களுக்கு, துணி வெளுத்தவங்களுக்குக் கூலியில ஒரு பங்கு மிச்சச் சோறாவும் பழைய துணியாவும்தான் போச்சு. பிணத்து மேல போட்ட கோடித்துணி வெட்டியானுக்குச் சேரும்ங்கறது 'உரிமை'ன்னு எழுதியே வச்சிருந்தாங்க. ஐயா வீட்டுப் பையன் போட்டுக் கிழிச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, அதே பையன் முன்னாடி நிக்கிற பிள்ளையை நினைச்சுப் பாருங்க. அந்தச் சட்டை ஒரு அடையாள அட்டை. நீ யாரு, எங்க நிக்கணும்னு அது சொல்லும். அந்தப் பிள்ளை திருப்பி எதையும் குடுக்க முடியாது, அவன்கிட்ட எது இருந்தாலும் ஐயா வீட்டுல வாங்க மாட்டாங்க. இங்கதான் ஆயா சேலைக்கும் இதுக்கும் வித்தியாசம். ஒண்ணு கை மாறுது, இன்னொண்ணு கைவிட்டு விழுது.

அதனாலதான் புதுத்துணிங்கறது நம்ம ஊர்ல ஆடம்பரம் மட்டும் இல்லை. தீபாவளிக்கு ஒரு நாள், கடன் வாங்கியாவது, பிள்ளைக்குப் புதுசு. 'பணத்தை வீணாக்குறாங்க'ன்னு சொல்றவங்க வீட்டுல யாரும் பழசுக்குக் கை நீட்டி நின்னிருக்க மாட்டாங்க. 1985ல தமிழ்நாட்டுல சத்துணவு சாப்பிடுற பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை குடுக்க ஆரம்பிச்சாங்க. அதை ஒரு நலத்திட்டம்னு ஒரு வரியில தாண்டிடுவோம். ஆனா வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கமே புதுத்துணி குடுக்குது, பக்கத்துல உக்கார்றவனும் அதே துணிதான்ங்கறது, யாரோ போட்ட சட்டையிலயே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு என்னவா இருந்திருக்கும்?

இதுல நம்ம பாண்டிச்சேரி ஒரு விசித்திரமான ஊர். துணியே இந்த ஊரோட தொழில். 19ஆம் நூற்றாண்டுல இங்கிருந்து கப்பல் ஏறின நீலச்சாயத் துணியை, 'கினே'ன்னு பேர், செனகல் ஆத்தங்கரையில பிசின் வாங்கப் பணம் மாதிரியே மாத்தினாங்க. அப்புறம் சவானா, ரோடியர், கெப்ளேன்னு மில்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தினதுல 12 பேர் செத்தாங்க. எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் அந்த ரத்தத்துக்கு அப்புறம்தான் வந்தது. மில்களை 2020ல இழுத்து மூடிட்டாங்க. ஊருக்கெல்லாம் புதுத்துணி நெஞ்சவங்க வீட்டுப் பிள்ளைக்குப் புதுசுன்னா என்னன்னு தனியா ஒரு எபிசோடே பண்ணலாம். பண்றேன்.

இப்ப எனக்கு ஏழு வயசு. 2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமை.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க காரைக்கால்காரங்க. பாண்டி டவுனைக் கரையோரக் கல் சுவர் பெரிய அளவுல காப்பாத்துச்சு. அம்மாவோட ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். அங்க சுவர் இல்லை. ஆயா அன்னைக்குக் காலையில ஓ.டி. பக்கம் போயிருந்ததால தப்பிச்சாங்க, வீடு போச்சு. ஒரு வாரம் கழிச்சு அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு அங்க போனாங்க.

எனக்கு ஞாபகம் இருக்கிறது ரோட்டோரத் துணிக் குவியல். லாரியில வந்து கொட்டிட்டுப் போனது. இது எங்க ஊர்ல மட்டும் நடக்கல. கடலூர், நாகப்பட்டினம் கரை முழுக்க அந்த மாசம் பழைய துணி மலைமலையா கிடந்து நனைஞ்சுது, பத்திரிகைகள்ல அப்பவே எழுதினாங்க. மீனவக் குடும்பங்கள் அதைத் தொட மறுத்தாங்க. அனுப்பினவங்க நல்ல மனசோடதான் அனுப்பியிருப்பாங்க, அதுல சந்தேகம் இல்லை. ஆனா கிழிஞ்சது, பட்டன் இல்லாதது, ஜிப் போனது, இந்த வெயில்ல யாரும் போட முடியாத கம்பளி எல்லாம் அதுக்குள்ள இருந்தது.

அந்தக் குவியல்ல ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பஸ்ஸைப் பார்த்தேன். பின் சக்கரம் ஒண்ணு இல்லை, மத்தபடி நல்ல பஸ். எடுத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாங்க. என்னை அடிக்காத அம்மா. பஸ் மறுபடியும் துணி மேல விழுந்தது. "வீடுதான்டா போச்சு. நாம பிச்சைக்காரங்க ஆகல"ன்னாங்க.

பிச்சைன்னு பிள்ளைக்குப் பேர் வச்ச அதே வம்சம்தான். ஆனா அந்தப் பிச்சை அவங்களா மடியேந்திக் கேட்டது, பிள்ளை பிழைக்கணும்னு கேட்டது. இது யாரும் கேட்காம மேல வந்து விழுந்தது.

அந்தத் துணி மலை என்ன ஆச்சு? டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பு வந்து, வீணாகக் கிடந்த துணியில நிறைய அள்ளித் தரம் பிரிச்சு வேற உபயோகத்துக்குக் கொண்டுபோனாங்க. அதைத் தொடங்கின அன்ஷு குப்தாவுக்கு 2015ல மகசேசே விருது கிடைச்சது. அவங்க வழிமுறை எனக்குப் பிடிச்சது எதனாலன்னா, கிராமத்துல துணியைச் சும்மா குடுக்க மாட்டாங்க. ஊர்க்காரங்க கிணறு தூர் வாருவாங்க, பாதை போடுவாங்க, அந்த வேலைக்கு ஈடா துணி வாங்கிக்குவாங்க. துணி பழசுதான். ஆனா கை நீட்டி வாங்கினதில்லை, உழைச்சு வாங்கினது.

உலகம் முழுக்க இந்தக் கூச்சம் இருக்கு. கானாவுல மேற்கு நாடுகள்லருந்து மூட்டை மூட்டையா வர்ற பழைய துணிக்கு 'ஒப்ரோனி வாவு'ன்னு பேர். செத்துப்போன வெள்ளைக்காரர் துணின்னு அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோட இருக்கிறவன் குடுப்பானா, ஆள் போயிருக்கணும்னு நினைச்சிருக்காங்க. நம்ம அம்மாக்களும் முதல்ல கேட்கிறது அதைத்தானே? 'செத்தவங்களோடதா இருந்தா?' இந்தியாவுல வெளிநாட்டுப் பழைய துணியை உடுத்துறதுக்குன்னு இறக்குமதி பண்ண லைசன்ஸ் வேணும். பெரும்பாலும் கந்தலா வெட்டித்தான் உள்ள வரும், பானிபட்டுல பிரிச்சு நூலாக்கிப் போர்வை நெய்றாங்க.

ஆனா பாண்டிச்சேரிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நம்ம ஊர்க்காரங்க சிரிப்பீங்க. பிரான்ஸ் பெட்டி! பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா குடும்பங்கள் தெருவுக்குத் தெரு. பாதி சொந்தம் பாரீஸ்ல. லீவுக்கு வர்றப்ப ஒரு பெட்டி நிறைய அங்கத்துப் பிள்ளைங்க போட்டுச் சின்னதாப் போன துணி, விளையாடி முடிச்ச பொம்மை. என் கூடப் படிச்சவன் ஒருத்தன் அப்படி வந்த ஜாக்கெட்டை மே மாசத்துல ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டு வந்தான். காலர்ல இன்னொரு பையன் பேர் தைச்சிருந்தது. அதைப் பழசுன்னு யாராவது சொன்னோமா? பொறாமையில வெந்தோம். அதே கம்பளி, அதே பழசு. ஒண்ணு சித்தப்பா பையனோடது, இன்னொண்ணு லாரியில வந்தது.

இந்த இடத்துல எனக்குப் பக் எங்க இருக்குன்னு புரிஞ்சுபோச்சு. அம்மா கேட்டது 'பழசா?'ன்னு. கேட்க நினைச்சது 'யாரோடது?'ன்னு. சண்டே மார்க்கெட் பொருளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதுதான் பிரச்சினை.

நடுவுல ஒரு விஷயம், பழசு வாங்கப் போற அக்கா அண்ணன்களுக்கு. சென்டிமென்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், சில பழசு நிஜமாவே வேண்டாம். சாயம் பூசின பழைய பொம்மை முதல்ல. பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியாவுல விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின பளபளப்பான மஞ்சளும் சிவப்பும் குழந்தை வாய்க்குப் போகக் கூடாது. பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனதே 2021 ஜனவரியிலிருந்து. அப்புறம், குழந்தையை நடுவுல உக்கார வச்சு உருண்டு போகிற பிளாஸ்டிக் வாக்கர். அது புதுசா இருந்தாலும் வேண்டாம். படிக்கட்டுல உருண்டு விழுந்த குழந்தைகள் கணக்கைப் பார்த்துட்டு கனடா 2004லயே அதைத் தடை பண்ணிடுச்சு, செகண்ட் ஹேண்டா விக்கிறதும் அங்கே குற்றம். நம்ம நடைவண்டி அந்த ரகம் இல்லை. குழந்தை பின்னாடி நின்னு தன் கால்லயே தள்ளணும். இருந்தாலும் சக்கரம் ஆடுதா, ஆணி நீட்டியிருக்கான்னு பார்த்துத்தான் குடுக்கணும், பக்கத்துல ஆள் இருக்கணும்.

என் வண்டியில சக்கரத்துல மட்டும் பச்சைப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. எங்க ஏரியா ஆசாரிகிட்ட குடுத்தேன். காய்ஞ்ச பெயிண்டைச் சுரண்டினா அந்தத் தூசும் விஷம்னு சொன்னேன். அவர் மூணு சக்கரத்தையும் கழட்டித் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கடைஞ்சு மாட்டினார். 600 ரூபா. வண்டி விலையை விட அதிகம். பரவாயில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் காந்தி வீதி போனேன். அதே தார்ப்பாய், அதே அண்ணன்.

"அண்ணே, போன வாரம் நடைவண்டி வாங்கினேன்ல, அது எங்கருந்து வந்துச்சு?"

"ஏன் தம்பி, எதுனா பிரச்சினையா?"

"இல்லண்ணே, எங்கம்மா கேட்கிறாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சொன்னார். முத்தியால்பேட்டையில ஒரு சொல்தா வீடு. பிள்ளைங்க எல்லாம் பிரான்ஸ்ல செட்டில். வீட்டை வித்தாச்சு, இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க, சாமானை மொத்தமா எடுத்துக்கச் சொன்னாங்க. பெரியம்மா ஒருத்தவங்கதான் இருந்தாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போறாங்களாம். இந்த வண்டியைத் தூக்குறப்ப மட்டும் அவங்க நிறுத்தினாங்க. "நாலு புள்ளைங்க நடந்த வண்டிப்பா. விறகுக்குப் போட்டுடாத"ன்னு சொன்னாங்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். கூட்டிக் குறைச்சு எதுவும் சொல்லல. அம்மா மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிரல.

"நாலும் நல்லா இருக்குதுங்களாமா?"

"எல்லாம் பாரீஸ்லம்மா. பேரன் பேத்தி எடுத்தாச்சாம்."

கையைக் கழுவினாங்க. வாசல்ல இருந்த வண்டியை அவங்களே தூக்கிட்டு வந்து கிணத்தடியில வச்சு, மஞ்சள் கரைச்ச தண்ணியில மூணு தடவை கழுவினாங்க. கைப்பிடியைத் துடைக்கிறப்ப அந்தத் தேய்மானத்துல கட்டைவிரலை வச்சுப் பார்த்தாங்க. அப்புறம், "தட்டு வரிசையில வைக்காத. அதெல்லாம் புதுசாவே இருக்கட்டும். இதைத் தனியா, நீ கையால குடு. சம்பந்தியம்மா கேட்டா நான் சொல்லிக்கிறேன்"னாங்க.

பிறந்த நாள் அன்னைக்கு சம்பந்தியம்மா கேட்டாங்க. எங்கம்மா சொன்ன கதையில அந்தப் பெரியம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஆகியிருந்தாங்க. நான் வாயைத் திறக்கல.

குழந்தை வண்டியைப் பிடிச்சு நாலு அடி வச்சுது, உக்காந்துடுச்சு, புதுச் சக்கரத்தைக் கடிக்க ஆரம்பிச்சுது. அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே.